பெயரெச்சம்

செவ்வாய் இரவுகளில் என்னிஸ்டைமனில்
எனக்கொரு உத்தியோகம் உண்டு:
மெட்டுகளுக்குப் பெயர் வைப்பது.
கூலி ஒரு பைன்ட் கறுப்பு பீர்.
பெயர் பிடித்துவிட்டால் சிப்ஸ் பாக்கெட்டும் சேரும்.

ஹெஹிர் மதுக்கடையின் மூலை மேசையில் எட்டுப் பேர்,
என்னோடு ஒன்பது.
அத்தனை பேரிலும் வாசிக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான்.
மூன்று நாவல் எழுதியவன் என்பது இங்கே செல்லாது.
வாசிப்பு என்றால் இவர்களுக்கு விரல்.
கடைசி நாவல் இருநூற்றுப் பதினோரு பிரதி போயிற்று;
அதில் நாற்பதை என் தங்கை வாங்கினாள்.

இதுவரை நான் வைத்தவை:
படிக்கட்டில் சிக்கிய ஃபிரிட்ஜ்,
ஃபீக்ராவின் வாடகை முன்பணம்,
கழுதை கேட்காத மன்னிப்பு.
ரீல் இரண்டு, ஜிக் ஒன்று.
காரணம் கேட்காதீர்கள்.
பெயர் வைத்தவனா பிள்ளையை வளர்க்கிறான்?

அன்று முர்யன் கான்செர்டினாவை மடியில் சாய்த்துவிட்டு
கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.
ராயல்டிப் படிவம்.
இயற்றியவர்: நிரப்பியிருந்தாள்.
நேரம்: இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
தலைப்பு என்ற கட்டத்தருகே
சிவப்பு நட்சத்திரம் ஒன்று முறைத்தது.
"பெயரில்லை என்று போட்டுப் பார்த்தேன்.
அந்தப் பெயரில் ஏற்கெனவே நாலாயிரம் மெட்டு இருக்கிறதாம்.
நீதானே எழுத்தாளன்."

எங்கே பிறந்தது என்று கேட்டேன்.
லிமரிக் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில்.
அண்ணன் டொனக்கா தள்ளுகட்டிலில்.
வார்டில் இடமில்லை, முப்பத்தொன்பது மணி நேரம்.
பெட்டியைத் திறக்க முடியாத இடம்;
அவன் போர்வை ஓரத்தில்
விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறாள்,
சத்தமே இல்லாமல் ஒரு ரீல் முழுவதையும்.

"முப்பத்தொன்பது மணி" என்றேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.
"கதவோரக் கட்டில்?"
"சொல்லிவிட்டால் எல்லோரும் அதையே கேட்பார்கள்.
நான் போட்டது கேட்காது."

கட்டைவிரலால் 'காத்திருந்த' என்று அடித்தேன்.
அடுத்த சொல்லைத் துழாவுகையில்
ஃபீக்ரா வில்லை இழுத்துவிட்டான்,
அவளுடைய மெட்டின் வாசலில் ஃபிடில் வந்து நின்றது.
அவள் பதறி என் கையிலிருந்து பிடுங்க,
யார் விரல் பட்டதோ,
படிவம் போய்விட்டது.

காத்திருந்த.
அவ்வளவுதான் தலைப்பு.
எச்சம் இருக்கிறது, பெயரைக் காணோம்.

இரண்டாம் பகுதியில் ஓர் இடம்.
சுரம் ஏதுமில்லாமல்
துருத்தி வெறும் காற்றை இழுக்கும், ஒரே ஒரு தட்டு.
எட்டுப் பேரும் அங்கே மூச்சைப் பிடித்தார்கள்,
பேசிவைத்துக்கொள்ளாமல்.
நான் குவளையைக் கீழே வைத்தேன்.

அவள் சொன்னது என் தொழிலைப் பற்றி என்று
வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.
பாலத்தடியில் இனா ஆறு
பாறைப் படிகளில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.
அதற்கு யார் என்ன பெயர் வைத்தால் என்ன.

நவம்பரில் ஒசாகாவிலிருந்து ஒரு ஃபிடில்காரி வந்தாள்.
என் நாவல் கால்வேயைத் தாண்டியதில்லை.
இந்த மெட்டோ கடல் கடந்து போய்
அவள் தோளில் திரும்பியும் வந்துவிட்டது,
நடுவில் ஒரு திருப்பத்தை அங்கேயே தொலைத்துவிட்டு.
வாசித்து முடித்துக் கேட்டாள்:
காத்திருந்த... என்ன?

வேன், என்றான் ஃபீக்ரா.
வாடகை ஏறியதிலிருந்து அவன் தூங்குவது அதில்தான்.
பாக்கி, என்றார் ஹெஹிர் கல்லாவிலிருந்து,
என்னைப் பார்த்து.
முர்யன் காற்றுப் பொத்தானை அழுத்தித்
துருத்தியை மெல்ல மூடினாள்.

டொனக்கா பிழைத்துவிட்டான்.
ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறான்.
"நல்ல மெட்டுதான். கொஞ்சம் வேகம் அதிகம்" என்கிறான்.
தன் போர்வைமேல் பிறந்தது என்று அவனுக்குத் தெரியாது.
தங்கை சொல்லவில்லை.
எனக்கு மட்டும் தெரிந்த,
இன்னொரு பைன்ட் வந்தும் சொல்லாத