பூண்டு, ஜனவரி

காலண்டருக்குப் பன்னிரண்டு படம்.
வாஷியில் மசாலா அரைக்கிற கம்பெனி.
மிளகு ஜூனுக்கு, கடுகு அக்டோபருக்கு,
ஜனவரிக்குப் பூண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
ஏன் என்று கேட்கவில்லை.
முன்பணம் ஏற்கெனவே சிலிண்டராகி
அடுப்பில் எரிந்துகொண்டிருக்கிறது.

திலக் நகரில் மூன்றாம் மாடி, வடக்கு பார்த்த ஜன்னல்.
வெயில் நேராக உள்ளே வராது.
எதிர்க் கட்டிடத்தில் விழுந்து
அங்கே என்ன மிஞ்சுகிறதோ அதுதான் இந்தப் பக்கம்.

சப்பாத்திப் பலகைமேல் ஒற்றைப் பூண்டு.
இவ்வளவு கிட்டத்தில் போனால்
அது சமையல் சாமானாக இருப்பதை விட்டுவிடுகிறது.
தோலில் கத்திரிப்பூ நிறத்தில் நரம்பு.
அடியில் வேர்த்தாடி,
தாடிக்குள் எந்த ஊர் மண்ணோ ஒரு பொட்டு.
துலக்கமாய்த் தெரிவது அரிசிக் கனம் மட்டும்;
அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் பால்.
ஹார்பர் லைன் வண்டி போகும்வரை காத்திருந்து
மூச்சை அடக்கி அழுத்த வேண்டும்.
இல்லையென்றால் மேசை நடுங்கி
பூண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூண்டு முளைத்துவிடும்.

அறுபதில் ஒரு நொடி.
மூன்று நாளாய் அதே கணக்கு,
கஞ்சி போட்ட மாதிரி வெள்ளை வெளிச்சம்.
என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

நான்காம் நாள் பதினைந்தில் ஒன்று கேட்டது.
அதே பத்தரை மணி, அதே வெயில்.
பூண்டின் கன்னத்தில் பாசிச்சுவரின் சாம்பல்.
லென்ஸைத் துடைத்தேன். ஜன்னலைத் துடைத்தேன்.
அப்புறம்தான் தலையைத் தூக்கினேன்.
எதிர் பால்கனியில் கொடி காலி.

தாமணே வீடு.
தினமும் இரண்டு படுக்கை விரிப்பு, வெள்ளை,
சரயூதாயி உதறி உதறிக் காயப்போடுவாள்.
படுத்த படுக்கையாய் ஒருவர் இருக்கிற வீட்டில்
விரிப்பு தினமும் நனையும்.
அது தெரியும். தெரிந்தும்
என் வெளிச்சத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

கொடி காலி என்றால்
புனேயில் மகன் வீட்டுக்குப் போயிருக்கலாம்.
தண்ணீர் வராமல் இருக்கலாம்.
சோப்பு தீர்ந்திருக்கலாம்.
அடுத்ததை எண்ணாமல்
தெர்மோகோல் அட்டையை எடுத்து நிறுத்தினேன்.
திருப்பித் தர அதனிடம் எதுவும் இல்லை.

இறங்கி எதிரே ஏறினால் நாலு நிமிடம்.
போகவில்லை.
போய் என்ன கேட்பது?
உங்கள் வீட்டில் ஏன் துணி காயவில்லை,
என் பூண்டு இருட்டிவிட்டது என்றா?

ஐந்தாம் நாளும் காலி.
கம்பெனிக்காரர் கூப்பிட்டார்.
வெளிச்சம் இல்லை என்றேன்.
மும்பையிலா, என்று சிரித்தார்.

ஆறாம் நாள்
பூண்டின் இடது கன்னத்தில் மட்டும்
என்னவோ லேசாகத் திரும்பி வந்திருந்தது.
மீட்டரில் பார்த்தேன். இருபதில் ஒன்று.
ஒரு கைக்குட்டைக்கு மேல் இருக்காது.

பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி.
அதில் தாமணே, எலும்பும் தாடியுமாய்,
வெள்ளைப் பனியனில், கண்ணை மூடி
வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.
சரயூதாயி தரையில் உட்கார்ந்து
அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வண்டி போனது. இன்னொன்றும் போகட்டும் என்று விட்டேன்.
பனியன் அளவு வெளிச்சத்தில்
பூண்டை எடுத்தேன்.
வலப்பக்கம் முழுக்க இருட்டு.
பளிச்சென்று வேண்டும் என்பார் கம்பெனிக்காரர்,
திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்.

வேர்த்தாடிக்குள் அந்த மண்பொட்டு
இந்தத் தடவைதான்
துலக்கமாய் விழுந்திருக்கிறது.