துண்டு வெட்டுமுன்

செவ்வாய்க்கிழமை துண்டு வெட்டலாம் என்றார் டொக்டர்.
அதற்கு முதல் வீட்டை ஒருக்கால் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.
டிலக்சனின் ஓட்டோவில் நானும் பத்மலோஜினியக்காவும்.
முதுகுக்குப் பின்னால் மடித்த கதிரை,
என் பையில் அளவுநாடா, படிவம்,
சிவப்பு ரேப் ஒரு சுருள்.

கண்டாவளை போகும் வழியெல்லாம்
வலப்பக்கத்து வயலைப் பற்றியே பேசினார்.
கதிர் முற்றிப்போச்சு, இன்னும் தண்ணி வடிக்கேல்லை என்று.
இடப்பக்கமும் வயல்தான்.

தலைக்குள் வலப்புறம் ஒரு குழாய் அடைத்ததில்
இடப்பக்கம் என்ற ஒன்று அவருக்கு இல்லாமல் போனது.
கண்ணில் பழுதில்லை.
வார்ட்டில் புட்டின் வலப்பாதியைத் தின்று முடித்து
இன்னும் பசிக்குது என்பார்.
தட்டைத் திருப்பி வைப்பேன். மிச்சமும் முடியும்.

திட்டத்தில் கிடைத்த வீடு.
வாசல் இருபத்தொன்பது அங்குலம், கதிரை இருபத்தைந்து.
நேசராசா அண்ணை நேராய்த் தள்ளினால்
விரல் உரசாமல் போகலாம்.
படி மூன்று. கைபிடி இல்லை.
மலசலகூடத்துக்கு முப்பத்திரண்டு எட்டு,
நடுவில் கோழிக்கூடு, மழை வந்தால் களி.
கிணற்றுக்கட்டு முழங்காலளவு:
அதை எழுதி இரண்டுதரம் கீழ்க்கோடு போட்டேன்.

அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
படியைச் சரிவாக்கலாம், தெரிஞ்ச மேசன் இருக்கிறான்.
கூட்டை அங்காலை தள்ளலாம்.
கட்டிலைத் திருப்பச் சொன்னபோது மட்டும் தயங்கினார்.
"அப்ப நான் எந்தப் பக்கம் படுக்கிறது?"
இடப்பக்கம். உங்களைத் தேடியாவது திரும்பட்டும்.
"தேடாட்டி?"

பிறகு ரேப்பை எடுத்தேன்.
இது நான் படித்தது:
கதவின் இடநிலை, மேசையின் இடவிளிம்பு,
சிவப்பாய் ஒட்டிவிட்டால் கண் அதைப் பிடித்துக்கொண்டு போகும்.
ஒட்டினேன். அக்காவை எழுப்பி
இடுப்புப்பட்டியில் பிடித்து நடத்தினேன்.
கதவடியில் நின்றார். பார்த்தார்.
உண்மையாகவே இடப்பக்கம் பார்த்தார்!
பார்த்தவர் விறைத்து
ஒரு எட்டுப் பின்னுக்கு வந்தார்.

"சிவப்புக்குக் கிட்ட கால் வைக்கப்படாது, மிஸ்."

வார்ட்டிலும் இதுதான் நடந்தது.
தாளோரத்தில் சிவப்புக் கோடு கீறினால்
பேனையைக் கீழே வைத்துவிடுவார்.
ஒத்துழைப்புக் குறைவு என்று
நான்தான் எழுதியிருந்தேன்.

அண்ணை அலுமாரியைத் திறந்து ஒரு படம் எடுத்து வந்தார்.
நீலக் கவச அங்கி, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு,
அதற்குள்ளே சிரிக்கிறார்.
முகமாலையில் பதினொரு வருசம்.
ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து
விரலளவு விரலளவாய் மண் கிண்டியவர்.
சிவப்புக் கம்பு என்றால் அங்கே இன்னும் இருக்குது.
வெள்ளை என்றால் எடுத்தாச்சு, வரலாம்.

ரேப்பை உரித்தேன்.
சுவரின் பெயின்ரும் சேர்ந்து வந்தது.
அண்ணை பழைய வாளியில் சுண்ணாம்பு கரைத்தார்.
வாசலின் இடநிலையில் தொடங்கி
படியால் இறங்கி, கோழிக்கூட்டைச் சுற்றி,
மலசலகூடம் வரை ஒரே வெள்ளைக் கோடு,
அவ்வளவு நேராயும் இல்லை.
காயமுதல் கோழியொன்று மிதித்துக்கொண்டு போனது.

அக்கா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"கோடு சரி. ஆனா இடப்பக்கம் இன்னும் கிளியர் ஆகேல்லை.
நான் செய்யிறன்."

ஒரு நாளைக்கு எவ்வளவு வரும், அக்கா?

"மண்ணைப் பொறுத்தது."

படிவத்தில் எழுதினேன்: சுண்ணாம்பு, ஐந்து கிலோ.
காரணம் என்ற கட்டம் மிகச் சின்னது. விட்டுவிட்டேன்.

திரும்பும்போது பரந்தன் சந்தியடியில்
அவருடைய இடக்கை மடியிலிருந்து நழுவி
சீற்றுக்குக் கீழே தொங்கியது.
தூக்கிவைக்கக் குனிந்தவள் நிறுத்திக்கொண்டேன்.
டிலக்சனை மெதுவாய்ப் போகச் சொன்னேன்.