கூர்முனை சாயும் பக்கம்

காரைக்குடியில் உயிரியல் சொல்லித்தரும் எல்லோரையும்
எனக்கு முகத்தளவில் தெரியும்.
பத்தடிக்கு எட்டடி, ஆறடிக்கு நான்கடி,
கையைக் கடித்தால் மின்கம்பத்தில் கட்டுகிற மூன்றடிக்கு இரண்டடி.
கழனிவாசல் முக்கிலிருந்து ஐந்து விளக்கு வரை
காற்றில் படபடக்கிற அத்தனை வாத்தியார்களும்
என் கடை இயந்திரத்தின் வாய்வழி பிறந்தவர்கள்.

அழகுமீனாள் பதினொன்றாம் வகுப்புக் காலாண்டில்
எழுபதுக்குப் பத்தொன்பது.
தாள் பையடியில் நான்காய் மடிந்து கிடந்தது.
டியூஷன் வைக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை, அவள் அம்மா கேட்டாள்.
'உங்களுக்குத் தெரியாத வாத்தியாரா?'

தெரிந்ததுதான் சிக்கல்.

செக்காலை ரோட்டு மையத்திலும்
சுப்பிரமணியபுரம் அகாடமியிலும்
முதலிடம் வந்ததாகச் சிரிக்கிற பையன் ஒருவனே.
அங்கே நீலச் சட்டை, இங்கே வெள்ளைக் கோட்டு.
கோட்டை மாட்டிவிட்டது நான்.
நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று எழுதி அனுப்பியவர்
மைட்டோகாண்ட்ரியாவை மூன்று விதமாய் எழுதியிருந்தார்.
திருத்திப் போட்டேன். நான் பத்தாவது.
பழைய பாக்கியைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள
ஒருவர் ஒப்பினார்தான்.
மனசு ஒப்பவில்லை.

புரட்டாசி மூன்றாம் வாரம்,
போன மின்சாரம் திரும்பிய மதியம்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருத்தி உள்ளே வந்தாள்.
கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு,
'கறுப்பு வெள்ளையில முப்பது நோட்டீஸ், எவ்வளவு ஆகும்?'
பிலோமினா. எம்.எஸ்ஸி. விலங்கியல். தேவகோட்டை ரஸ்தா.
மீனாளைவிட எட்டோ பத்தோ கூட இருக்கும்.
உத்தரவாதம் என்ன போடட்டும் என்றேன்.
'சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு வரை' என்றாள்.

முப்பது தாளுக்கெல்லாம் நான் படம் தேடுவதில்லை.
எல்லோருக்கும் போடுகிற இதயம் ஒன்று உண்டு.
ஆறு வருடமாய் அதே இதயம்.
ஓரத்தில் ஒட்டித் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அப்போதுதான் ஹெல்மெட் கழன்றது.

'அண்ணே, இது கண்ணாடியில பார்க்கிற மாதிரில்ல இருக்கு.
கூர்முனை அந்தப் பக்கம் சாயணும்.'

நிஜம்தான்.
செல்போன் எண்ணுக்கு இடம் போதாமல்
ஒரே சொடுக்கில் அதைத் திருப்பிப் போட்டவன் நான்.
தலைமாறிய எழுத்துகளையும் துடைத்துவிட்டேன்.
அப்புறம் எத்தனை பேர் பார்த்தார்கள்,
'சூப்பர், அடிங்க' என்று கட்டைவிரல் உயர்த்தினார்கள்,
பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டவர் உட்பட.

'இப்படி இருக்கிறவங்களும் பிறக்கிறதுண்டு,
ஆயிரக்கணக்குல ஒருத்தர்.
நீங்க அவங்களுக்காகப் போடலையே?'
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

காசு வேண்டாம் என்றேன்.
தொண்ணூறு ரூபாயை மேசைமேல் எண்ணி வைத்தாள்.
தாள்களின் சூடு ஆறுமுன்
மேல் தாளை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
'இருபத்தொன்பதுதான் தருவேன்' என்றேன்.

புதன்கிழமை மீனாள் போய்வந்தாள்.
எப்படி என்றதற்கு,
'நாளைக்கு மீன் கொண்டுவரச் சொன்னாங்க. ஒண்ணு போதும்.
செவுளோட. கழுவக்கூடாதாம்.'
அடுப்படியிலிருந்து அவள் அம்மா: 'புரட்டாசியிலயா?'
'திங்கவா போறோம்? திறந்து பார்க்கத்தானம்மா.'

அன்றிரவு கடையடைத்துத் திரும்புகிறேன்.
ஐந்து விளக்கில் நல்ல காற்று.
ஆள் உயரத்துக்கு ஏழெட்டு இதயங்கள்
தப்பான பக்கம் சாய்ந்து ஆடுகின்றன.
காசு கொடுத்தவர்கள் பலகை. அவிழ்க்க எனக்கு உரிமையில்லை.
வண்டியை நிறுத்தி
ஒன்றின் பின்பக்கம் போய் நின்றேன்.
தெருவிளக்கு ஊடுருவ
வெளிறித் தெரிந்தது படம்.
அங்கிருந்து பார்த்தால்
சரியாகத்தான் இருக்கிறது.