பத்தொன்பதாவது ஆள்

புத்தகத்தில் க்ளெம்முக்கு ஒரே வரி.
பெங்கெல்லி, சி. ஆட்டம் இரண்டு.
கோல் இல்லை. பிஹைண்ட் ஒன்று.
மேல்வரிக்காரன் நூற்றுத் தொண்ணூறு ஆடியிருக்கிறான்,
கீழ்வரிக்காரன் எழுபது.
நடுவில் இவன்,
பேருந்தில் இரண்டு தடியர்களுக்கிடையே
ஒடுங்கி உட்கார்ந்தவன் மாதிரி.

மூன்று என்பான் க்ளெம்,
கேட்டால் மட்டும்.
முதல் சனிக்கிழமை மெல்போர்னில் மழை.
பதினெட்டுப் பேர் களத்தில்.
இவன் மரப்பெஞ்சில், சட்டைக்கு மேல்
கிளப் கொடுத்த கனத்த அங்கியோடு.
பயிற்சியாளர் திரும்பிப் பார்ப்பாரென்று
நான்கு கால்பகுதியும்
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியிருக்கிறான்.
யாருக்கும் அடிபடவில்லை.
"பட்டால் தேவலை என்று நினைத்தேன், பாவி"
என்றான் ஒருமுறை, தட்டுத் துடைத்துக்கொண்டே.
களமிறங்காதவன் கணக்கில் வரமாட்டானாம்.

அடுத்த சனி எவனுக்கோ முழங்கால் போனது.
எட்டு நிமிஷம். இரண்டு உதை.
விழுந்தவன் முகத்தை இவன் பார்க்கவில்லை.

அதற்கடுத்தது தொடக்கத்திலிருந்தே.
முப்பது கெஜம், எதிரே நான்கு கம்பங்கள்,
காற்றுகூட இல்லை.
நடு இரண்டில் இடதுபுறக் கம்பத்தில் டணாரென்று பட்டது பந்து.
ஒரு சாண் உள்ளே போயிருந்தால் ஆறு புள்ளி.
வெள்ளைக்கோட்டு நடுவர்
ஒற்றை விரல் காட்டி, ஒற்றைக் கொடி அசைத்தார்.
அரைமணி கழித்துப் பின்தொடையில்
ஈரத்துணி கிழிகிற சத்தம்.
அவனுக்கு மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.
பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.
நாற்பத்துமூன்றாம் எண் சட்டையைத்
துவைத்து அனுப்பவும்.

இதெல்லாம் நான் வருவதற்கு முன்னால்.
எனக்குக் கிடைத்தவன்
விம்மெராவின் கோதுமைக் கிடங்கில் எடைமேடை பார்ப்பவன்.
லாரி ஏறும், எழுதுவான்.
கொட்டிவிட்டுத் திரும்ப ஏறும், எழுதுவான்.
கழித்தால் மிஞ்சுவது கோதுமை.
முப்பத்தொரு அறுவடை, ஒரு கிலோ பிசகியதில்லை.
ஆனாலும் புதிதாய் வரும் வங்கி மேலாளரிடம்
"பெரிய லீக்கில் ஆடினவர்" என்றுதான் ஊர் சொல்லும்.
க்ளெம் கைகுலுக்கிவிட்டு
மழை வருமா என்பான்.

போன ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து ஒரு போன்.
புதிய பதிப்பாம், சரிபார்க்கிறார்களாம்.
"இரண்டு ஆட்டம்தானே, மேடம்?"
மூன்று என்றேன்.
பதிவில் இல்லையே என்றது அந்த இளங்குரல்.
வெறும் லாரிக்கும் எடை உண்டு தம்பி,
அதையும் நிறுத்து எழுதினால்தான் மற்றது தெரியும் என்றேன்.
குறித்துக்கொள்வதாகச் சொன்னான்.

புத்தகம் வந்தது. இரண்டு.

பென்சிலால் அடித்து மூன்றென்று எழுதி
அலமாரியில் வைத்தேன்.
ஞாயிறன்று எடுத்துப் பார்த்தால்
அழித்திருக்கிறான்,
தாள் மெலிந்துபோகும் அளவுக்குச் சுத்தமாக.
ஏன் என்றேன்.
"சொல்வது வேறு, எழுதுவது வேறு" என்றபடி
ரப்பர் துகளை மேசையிலிருந்து
உள்ளங்கையில் கூட்டி எடுத்தான்.