ஆறாவது கியர்

கீழக்கரையில் சாவியைக் கொடுக்கும்போது
செய்யது ஆப்தீன் சொன்னான்:
"அஞ்சு வரைக்கும் போயிருக்கேன்க்கா.
ஆறுக்கு நம்ம பக்கம் ரோடு பத்தாது."
மறுநாள் அவனுக்கு ஷார்ஜா விமானம்.
எனக்கு நாலே முக்கால் லட்சம் கடன்.

அறுநூறு சிசி. நாலு சிலிண்டர்.
நிறுத்தினால் என் இரண்டு பெருவிரல்கள் மட்டும்
தரையைத் தொடும்.
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
பன்னிரண்டு வருசமாய்க் கணக்கு எழுதுகிறேன்.
எந்தப் படகு எத்தனை பார் ஏற்றியது,
எவர் எத்தனை மாதம் பாக்கி,
பேரேட்டைத் திறக்காமலே சொல்வேன்.
அதை யாரும் கேட்பதில்லை.
"யாரு வண்டி ரூபிளா?"

பாம்பனில் போலீஸ் கேட்டது.
பெட்ரோல் பங்கில் கேட்டார்கள்.
கோயில் வாசலில் சம்மனசு அக்கா கேட்டுவிட்டு
"தம்பிதாக்கும்" என்று அவளே முடித்துக்கொண்டாள்.
எனக்குத் தம்பி கிடையாது.
ஆர்சி புத்தகம்
ஜெபப் புத்தகம் மாதிரி முனை மடங்கிவிட்டது,
எடுத்து எடுத்துக் காட்டி.

உப்பு யாரையும் கேட்பதில்லை.
ராத்திரி வந்து, தார்ப்பாய்க்குள் நுழைந்து,
செயினில் ஒரு கண்ணி, போல்ட்டில் ஒரு விளிம்பு
என்று தின்றுவிட்டுப் போகும்.
தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருதரம்.
வண்டிக்கு எத்தனை குடம் ஊற்றுகிறேன் என்று
அம்மா எண்ணுவாள்,
வாய்விட்டு.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு
முகுந்தராயர் சத்திரத்தில் தடுப்பைத் தூக்குவார்கள்.
அதற்கப்புறம் ஒன்பதரை கிலோமீட்டர்.
இடப்பக்கம் பெண்கடல் படுத்திருக்கும்,
வலப்பக்கம் ஆண்கடல் குதித்துக்கொண்டிருக்கும்,
நடுவில் தார்.

ஒன்று கீழே, ஐந்து மேலே.
இரண்டிலேயே நூறு தாண்டும்.
மூன்றில் டாங்க்கோடு நெஞ்சை ஒட்டிக்கொள்ள வேண்டும்.
நான்கில் காது செத்துப்போகும்.
ஆறாவதை அறுபது வேகத்திலும் தட்டிவிடலாம்,
முனகிக்கொண்டு ஓடும்.
அதைப் போட்டதாகச் சொல்ல மாட்டேன்.
ஆப்தீனும் சொல்லவில்லை.

அன்று கச்சான் அடங்கியிருந்தது.
ஐந்தில் ஊசி பதினோராயிரம்.
இடதுகால் நுனி லீவருக்கு அடியில் போய்விட்டது.
அப்போதுதான் பார்த்தேன்,
ஆண்கடல் பக்கமிருந்து ரோட்டின்மேல்
நாக்கு நீட்டிக் கிடந்த மணலை.
ஒரு பாய் அகலம் இருக்கும்.

கைக்கு முந்தி வயிறு பிரேக் பிடித்தது.
நான்கு, மூன்று,
பின்சக்கரம் நண்டாய் நடந்தது,
மணலில் ஏறி
இறங்கி
நின்றது.
பெருவிரல்கள் தரையைத் தேடின. இருந்தது.

எஞ்சினை அணைத்ததும்
இரண்டு கடலும் ஒன்றாய்ப் பேச ஆரம்பித்தன.
கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்
கயிற்றை விடாமலே கத்தினார்:
"யாரு வண்டி தாயி?"
"என்னுது."
குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருதரம் சொன்னேன்.
"சொந்த வண்டியவா
இந்த ஓட்டு ஓட்டுறே?"
என்று கேட்டுவிட்டு
அவர் வலைக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பும்போது நாற்பதைத் தாண்டவில்லை.
ஒரு மினி பஸ் ஹாரன் அடித்து முந்திப் போனது.
போகட்டும்.

கம்பெனிக்குப் பின்னால்
சாக்கின்மேல் உடைந்த ஐஸ் பார் ஒன்று கிடந்தது.
படகுக்குப் போகாது, ஓடைக்குப் போகும்.
நல்ல தண்ணீர். உப்பு வாடையே இல்லாதது.
கொதிக்கிற எஞ்சினில் ஊற்றினால் கீறல் விடும்.
ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.
வண்டி டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.
என் முட்டி அதைவிட மெதுவாய்.
ஐஸ் காத்திருக்கவில்லை.
சொட்டுக்கு நேரே வாளியைத் தள்ளிவிட்டு
உள்ளே போய்ப் பேரேட்டை எடுத்தேன்.

உடைசல், ஒன்று
என்று எழுதினேன்.
பிறகு அதை அடித்துவிட்டு
என் பெயரில்
பற்று எழுதினேன்.