ஆட்களும் சேர்த்தி

கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் ஒட்டு:
ஆட்களும் சாமானும் சேர்ந்து
அறுநூற்றெண்பது கிலோவைத் தாண்டக் கூடாது.
மூன்று வருடமாய் அந்தக் கதவால் ஏறி இறங்கும் குகதாஸ்
அதை வாசித்ததில்லை.
நான் வாசித்தேன், கம்லூப்ஸில்,
ஃபோர்க்லிஃப்ட் வரும்வரை
வாசிக்க வேறொன்றும் இல்லாததால்.

பாண் சுடும் அடுப்பு. மூன்று தட்டு, உள்ளே கல்.
கடை முறிந்த இத்தாலியன் விற்றது.
அது ட்ரெயிலரில்.
பிக்கப்பின் முதுகில் மாப் பிசையும் மெஷின்,
அதற்கு மேல்
"சும்மா தாறான், விடவா போறம்" என்று
பன்னிரண்டு மூட்டை கோதுமை மா.
ஃபோர்க்லிஃப்ட்காரன் டயரைப் பார்த்தான்,
வானத்தைப் பார்த்தான்,
கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டான்.

"இழுக்குமோ?" என்றான் ஜெயசீலன்.
"இழுக்கும்."

எதற்கும் இவருக்கு அந்த ஒரு சொல்.
வீட்டுக் கடனுக்கு மேல் கடைக் கடன்: இழுக்கும்.
இரண்டு வேலை, ஒரு நாரி: இழுக்கும்.
ட்ரெயிலருக்குத் தனி பிரேக் உண்டு,
அதை இணைக்கும் பெட்டி நூற்றெண்பது டொலர்,
அடுத்த மாதம் பார்ப்பம்.

பார்மசி பில்லின் பின்புறத்தில் கூட்டினேன்:
மெஷின் இருநூற்றுப் பத்து,
மா இருநூற்று நாற்பது,
கொளுவியில் ட்ரெயிலர் அழுத்துவது முந்நூற்று நாற்பது,
இவர் தொண்ணூற்றிரண்டு,
ஜெயசீலன் (பொய் சொல்லாமல்) நூற்றெட்டு,
நான் அறுபத்து நாலு.
முந்நூற்று எழுபத்து நாலு கிலோ கூட.
பில்லை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.
சொல்லவில்லை.
அதை எந்தப் பாரத்தில் சேர்ப்பது?

மெரிட் தாண்ட இருட்டிவிட்டது.
பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்த வண்டி
தெருவை விட்டுவிட்டு
பைன் மர உச்சிகளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு போனது.
முன்னால் போன கார்கள் கண் கூசி
ஒன்றொன்றாய் விலகி வழிவிட்டன.
"மரியாதையைப் பார்" என்றான் ஜெயசீலன்.

ஏற்றம் முழுக்க இழுத்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்,
முனகிக்கொண்டு, ஆனால் இழுத்தது.
இவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

பனிக்கூரை முடிய
இறக்கம்.

முதலில் வாசனை,
தாச்சியில் மறந்துபோன வெந்தயம் போல.
பிறகு இவர் காலை மிதித்த விதம்,
ஒருமுறை,
இருமுறை,
பிறகு தரையில்லாத கிணற்றில்
படி தேடுகிறவர் போல.
பின்னால் அடுப்பு இடதுக்கு ஆசைப்பட்டது,
பிறகு வலதுக்கு.
இப்போது எது எதை இழுக்கிறது என்று
ஒருவரும் கேட்கவில்லை.

நான் பலகை வாசிக்கிறவள்.
பிரேக் விட்டுப்போன வண்டிகளுக்கு
வலப்பக்கம் ஒரு தனித் தெரு என்று
சற்று முன்புதான் ஒன்று சொல்லிப் போயிருந்தது.
"வலது" என்றேன்.
கலியாணம் கட்டிப் பதினாறு வருடத்தில்
அவர் ஏன் என்று கேட்காத முதல் சொல்.

கூழாங்கல் கடல்.
அச்சுவரை புதைந்து, இடுப்புவரை புதைந்து,
நின்றோம்.

பின் கண்ணாடி உடைந்து
மா வந்தது. கழுத்தில், மடியில், வாய்க்குள்.
ஜூலை மாதத்தில்
மூன்று பேர் மேலும் பனி.
ஜெயசீலன் மட்டும் சிரித்தான்,
நிறுத்தத் தெரியாமல்.

இரவு ஒன்றரைக்கு கனரக இழுவை வண்டி.
ஓட்டி வந்தவள் பெயர் டார்லீன்,
விலையைச் சொல்லிவிட்டுத்தான் கையுறை போட்டாள்.
அந்த விலைக்கு
நூற்றெண்பது டொலர் பெட்டி எத்தனை வாங்கலாம் என்று
நான் கணக்குப் பார்க்கவில்லை.
(பதினேழு.)

கொளுவியைக் கழற்றியதும்
பிக்கப் ஒரு முழம் எழும்பியது,
யாரோ எழுந்து வணக்கம் சொன்னது மாதிரி.
பிரேக் ஆறி, போலீஸ்காரன் பார்த்து, தண்டம் எழுதி,
ஹோப் வரை மெதுவாய்ப் போகலாம் என்றான்.
இவர் என் பக்கக் கதவைத் திறந்துபிடித்தார்.
"ஏறும்."

மா தோய்ந்த பில்லை நீட்டினேன்.
"ட்ரெயிலர் போயும் முப்பத்து நாலு கூட."
வாசித்தார். தூணில் இருந்ததையும்
குனிந்து, டார்ச் அடித்து, வாசித்தார்.

டார்லீனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்,
பின்னால் அடுப்பு.
முன்னால் போனது எங்கள் வண்டி.
அதன் விளக்கு
தெருவில் விழுந்துகொண்டிருந்தது.