மூஞ்சிக்கல்லில் ஒன்பதரை மணி

ஏரிக்கரையில் ஆறு ஓட்டல்கள்.
ஆறிலும் அதே பனீர், அதே சிவப்புக் குழம்பு.
அட்டையில் விலை மட்டும் வேறு வேறு.

ஏழு மணிக்கு
மழைக்கோட்டுக்காரன் ஒருவன் குறுக்கே வந்து
"வாங்க சார், குஜராத்தி தாலி, பார்பிக்யூ,
எல்லாம் இருக்கு" என்று
கையைப் பிடித்து இழுக்காத குறை.
தப்பித்தேன்.

நீங்க எங்கே சாப்பிடுவீங்க என்று
டாக்ஸிக்காரரைக் கேட்டேன்.
"அது உங்களுக்குச் சரிப்படாது."
இரண்டு நாளாய் நான் தேடியது
இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.
தாடையால் இறக்கத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

பெயர்ப்பலகை கிடையாது.
கேரட் மூட்டை இறக்கியவர்களின்
ஈரச் செருப்புகள் வாசலில்.
இரண்டு பெஞ்சு, ஒரு குண்டு பல்பு,
அடுப்போரம் செசிலியக்கா.
மலைப்பூண்டு ரசத்தை வாயருகே கொண்டுபோக
மூக்குக்கண்ணாடியில் ஆவி ஏறி
கொஞ்ச நேரம் உலகத்தில் யாருமில்லை.

துடைத்து மாட்டினால்
எதிரே அந்த மழைக்கோட்டு.
கல்தோசையைக் கருவாட்டுக் குழம்பில் முக்கியபடி
என்னைப் பார்த்துவிட்டான்.
மெனு அட்டை இல்லாத அவன் இடதுகை
என்ன செய்வதென்று தெரியாமல்
உப்புக் கிண்ணத்தை
என் பக்கம் நகர்த்தியது.

"தெரிஞ்சவங்களா?" என்றாள் செசிலியக்கா.

"ஆமா" என்றோம்,
ஒரே நேரத்தில்.